ஏழு வாசலில் சாக்பீஸ் குறி

10-06-2025, செவ்வாய்.
செய்தது: ஏழு வீடு. ஆறு வீட்டில் சொல்லிக்கொடுத்து மருந்தும் கொடுத்தாயிற்று. ஒரு வீடு பூட்டியிருந்தது.
தவறியது: ஏழு வீட்டு வாசல் நிலையிலும் சாக்பீஸால் குறி போட்டுவிட்டேன். போலியோ சொட்டு மருந்து நாளில் போட்டுப் பழகிய கை. சிறிய தவறுதான்.
நாளைக்கு: பூட்டிய வீடு.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது ‘சிறிய’ என்ற சொல் செல்வகுமாரியை உறுத்தியது. அதை அடித்தாள். அடித்தால் பெரிய தவறு என்று ஆகிவிடுமோ என்று தோன்றவே, மேலே மறுபடியும் எழுதினாள்.

வில்லியனூரில் மாலை நேர ஆலோசகர் பயிற்சி வகுப்பில் அவள் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. தினமும் இந்த மூன்று தலைப்பில் எழுத வேண்டும், ‘தவறியது’ என்ற இடத்தை மட்டும் காலியாக விடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்துக்கும் சேர்த்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். இவள் ஒரு நாளும் விட்டதில்லை. விடாமல் எழுதுவது நல்ல பெயருக்காகத்தானோ என்ற சந்தேகத்தையும் ஒரு நாள் ‘தவறியது’க்குக் கீழே எழுதி வைத்திருந்தாள்.

பகலில் அவளுக்குச் சுகாதாரத் துறையில் ஒப்பந்த வேலை. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில் புதிதாக ஒரு திட்டத்தைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலி மாத்திரையைப் போதைக்குப் போடும் பையன்கள் சிலருக்கு அளவு மீறி மூச்சு நின்றுபோகிறது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைக்க வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காக மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்றை வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்து, செய்முறையும் சொல்லிக்கொடுப்பதுதான் திட்டம். பட்டியலில் ஏழு வீடு. பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகப் பட்டியலில்கூட எண் மட்டும்தான்.

அந்த ஏழு வாசலிலும்தான் அவள் கை குறி போட்டுவிட்டது. மருந்து கொடுத்த வீட்டுக்கு டிக், பூட்டிய வீட்டுக்குப் பெருக்கல் குறி, பக்கத்தில் தேதி. மூன்று வருடமாகப் போலியோ நாளில் செய்கிற வேலை. வாசலை விட்டு இறங்கும்போது சாக்பீஸ் தானாகக் கைக்கு வந்துவிடும்.

புதன்கிழமை காலை அவள் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோதே பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பூட்டிய வீடு எல்லம்மாளுடையது. எல்லம்மாள் வாசலில் நின்று ஈரத்துணியால் நிலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெருக்கல் குறி போய்விட்டது, வெள்ளைத் திட்டு மட்டும் பெரிதாகப் பரவியிருந்தது.

“வாம்மா, சாக்பீஸு எடுத்தாந்தியா? இன்னும் எங்கனா எடம் பாக்கி இருந்தா எழுதிட்டுப் போ.”

“அக்கா, தெரியாம…”

“இன்னா தெரியாம? கொழந்தங்க இருக்கற வூட்டுக்குத்தான் போலியோ குறி போடுவீங்க. எங்கூட்ல எந்தக் கொழந்த கீது? ஏழு வூடு, ஏழு வூட்லயும் எளவட்டப் பசங்க. ஊர்ல இருக்கறவங்களுக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?”

எதிர் வீட்டில் கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தவள் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

எல்லம்மாளின் மகன் குணா. இருபத்து மூன்று வயது, பெயின்ட் அடிக்கிற வேலை. மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி ஒன்பது நாள்தான் ஆகிறது. அவனை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்ள மேஸ்திரி ஒருவர் செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கே வந்திருக்கிறார். வாசலில் குறி, தெருவில் சிரிப்பு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

“நேத்துலேர்ந்து சோறு துன்னல அவன். பழைய கூட்டாளிங்க ரெண்டு பேரு போன் மேல போன் போட்டுங்கீறாங்க. நீ இன்னும் இன்னாத்துக்கு நிக்கற? போ, வேற எவன் வூட்டு நெலையாச்சும் சுத்தமா இருந்தா பாரு.”

செல்வகுமாரி சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். ஒரு மாதம் நிறுத்தியிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. முன்பு ஒன்றும் செய்யாத அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடும். இந்த ஒன்பது நாளும் இனி வரும் சில வாரமும்தான் எல்லாவற்றிலும் மோசமான நாள். எல்லம்மாளுக்கு அது தெரியாது. மகன் திருந்தி வந்துவிட்டான், பயம் போயிற்று என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். ஆனால் எதிர் வீடு கேட்டுக்கொண்டிருக்க, இதைத் தெருவில் நின்று எப்படிச் சொல்வது? சொன்னால் சாக்பீஸால் எழுதியதை வாயாலும் எழுதிய மாதிரி ஆகும். உள்ளே போகலாமா என்று கேட்க வாயெடுத்தாள். எல்லம்மாள் கதவைச் சாத்திவிட்டாள்.

மற்ற ஆறு நிலைகளையும் தண்ணீர் ஊற்றித் தானே துடைத்தாள். துடைப்பதையும் தெரு வேடிக்கை பார்த்தது.

சுகாதார ஆய்வாளர் சுப்பராயலுவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“பேரு வெளிய தெரியக்கூடாதுன்னு நம்பர் போட்டுக் குடுத்தா, நீ வாசல்லயே நோட்டீஸ் ஒட்டிட்டு வந்துட்ட. சரி, வுடு. அந்த வூட்டுக்கு இனிமே போவாத. வேணாம்னு சொல்ட்டாங்கன்னு எழுதிட்டு மருந்த உள்ள வெச்சிடு.”

“சார், வேணாம்னு சொல்லல. நான் இன்னா குடுக்க வந்தேன்னே அவங்களுக்குத் தெரியாது.”

“அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?”

“நூறு நாள் வேலையில வாய்க்கால் தூர் வார்றாங்க. அந்தத் தெருப் பொம்பளைங்க எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. அங்க எல்லாருக்கும் சேத்துச் சொல்லிக்குடுக்கட்டுமா?”

சுப்பராயலு கொஞ்சம் யோசித்தார். “பயிற்சி ஊருக்கே குடு, யாரு வேணாம்னா. மூச்சு நின்னா முதலுதவின்னு சொல்லு. மாத்திரைன்னு ஆரம்பிக்காத, எழுந்து பூடுவாங்க.”

அன்று மாலை வகுப்பில் அவளுக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. மாத்திரை என்று சொல்லாமல் சொல்லிக்கொடுத்தால் அது பாதிப் பொய். சொன்னால் எல்லம்மாள் எழுந்து போய்விடலாம். பஸ்ஸில் வரும்வழியெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் சரியாக வரவில்லை.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு வாய்க்கால் கரையில் வேலமரத்து நிழலில் பெண்கள் தூக்குச் சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் சகாயராணி. காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை எல்லாரையும் நிற்க வைத்து வருகைப் பதிவுக்குப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டிய வேலை அவளுடையது. செய்து காட்டப் படுக்க ஓர் ஆள் வேண்டும் என்று செல்வகுமாரி கேட்டதும் அவள் துண்டை விரித்துத் தானே படுத்துக்கொண்டாள்.

“சீக்கிரம் பொழைக்க வையி. நான் செத்துட்டா ரெண்டு மணி போட்டோ யாரு எடுக்கறது?”

“அவ படுத்தா அவ்ளோதான்டி, நாளைக்குத்தான் எழுந்திருப்பா,” என்றாள் ஒருத்தி.

எல்லம்மாள் கூட்டத்தில் இல்லை. இருபதடி தள்ளிக் கரைமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மண்வெட்டியில் அப்பியிருந்த சேற்றைக் கல்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

செல்வகுமாரி முட்டியிட்டு உட்கார்ந்தாள். தோளைத் தட்டிக் கூப்பிடுவது, பதில் இல்லையென்றால் நெஞ்சு எலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்ப்பது என்று ஆரம்பித்தாள். தேய்த்ததும் சகாயராணி, “அய்யோ, எலும்பு ஒடஞ்சிச்சி!” என்று துள்ளினாள். சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று.

“இப்படித் துள்ளுனா பயம் இல்ல. துள்ளலன்னாதான் நூத்தியெட்டுக்குப் போன் பண்ணணும்,” என்றாள் செல்வகுமாரி. பிறகு அவளுக்கே தெரியாமல் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “அக்கா, நான் உங்ககிட்ட மறைக்கல. இது கரண்ட்டு அடிச்சதுக்கோ தண்ணியில விழுந்ததுக்கோ இல்ல. வலி மாத்திரை போடற பசங்களுக்கு. நடுவுல கொஞ்ச நாள் நிறுத்திட்டு, திரும்பப் பழைய அளவே போட்டா அதுதான் மூச்ச நிறுத்தும். நல்லாயிட்டான்னு நம்ம நெனைக்கற நேரம்தான் உசுருக்கு ஆபத்து.”

யாரும் எழுந்து போகவில்லை. கரைமேல் கல் சுரண்டும் சத்தம் நின்றிருந்தது.

கூட்டத்தில் இருந்த காசம்மாள் தொண்டையைச் செருமினாள். அவள் வீடு பட்டியலிலேயே இல்லை.

“கொறட்ட வுட்டா? கொறட்ட வுட்டா தூங்கறான்னுதான அர்த்தம்?”

“எப்பவும் வுடாத மாதிரி கொரகொரன்னு வந்தா, தட்டியும் எழுந்திருக்கலன்னா, அது தூக்கம் இல்லக்கா. ஒதடு, நகம் எல்லாம் சாம்பல் கலர்ல மாறும்.”

காசம்மாள் தலையை ஆட்டினாள். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்து, “சும்மா கேட்டேன்டி, கேக்கக் கூடாதா?” என்றாள்.

“நாங்க மோர் ஊத்துவோம்,” என்றாள் இன்னொருத்தி, யாரைப் பார்த்தும் இல்லாமல்.

“வாயில எதுவும் ஊத்தக் கூடாதுக்கா. மூச்சுக்கொழாயில போயிடும்.”

மருந்தை ஒரு மூக்குத் துளையில் அடிப்பது, மூச்சு வராவிட்டால் மூக்கைப் பொத்தி வாயில் ஊதுவது, இரண்டு மூன்று நிமிடம் பார்த்து பெட்டியில் இருக்கும் இரண்டாவது மருந்தை அடுத்த துளையில் அடிப்பது, மூச்சு வந்ததும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைப்பது, எழுந்து உட்கார்ந்தாலும் தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னாள். திருப்பிக் காட்டும்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளை ஒதுக்கியது.

“நவுரு,” என்றாள் எல்லம்மாள்.

முட்டியிட்டு உட்கார்ந்து சகாயராணியின் இடுப்பைப் பிடித்து ஒரே இழுப்பில் திருப்பினாள். சகாயராணி குப்புற விழுந்தாள்.

“மண்ணு வெட்டிப் போடற மாரி போடறியே, நான் மனுசிடி!”

“சும்மா கெட. செத்தவ பேசக் கூடாது.” எல்லம்மாள் செல்வகுமாரியைப் பார்க்காமலே கேட்டாள். “எந்தக் காலு மடக்கணும்?”

“மேல வர்ற கால், அக்கா. முட்டிய மடக்கி முன்னாடி வெச்சா கவுறாது. கை கன்னத்துக்குக் கீழ.”

இரண்டாவது முறை சரியாக வந்தது. எல்லம்மாள் மூன்றாவது முறையும் செய்தாள். நான்காவது முறை சகாயராணி, “எனக்கே தலைசுத்துது” என்று எழுந்துகொண்டாள்.

கூட்டம் கலைந்து மண்வெட்டிகளை எடுக்கப் போனபோது எல்லம்மாள் மட்டும் நின்றாள். “நேத்து சாயந்தரம் அவன் வெளிய போனான். அர மணில வந்துட்டான். வாசல்லயே நிக்க வெச்சி கண்ணு மூஞ்சி எல்லாம் பாத்தேன். எதும் போடல.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு அவன் அண்ணன் பொஞ்சாதி வூட்ல கீறா, பாத்துக்குவா. அவளுக்கும் நான் சொல்றேன்.” கையை நீட்டினாள். “குடு அத. வூட்டுக்கு வராத.”

“பெட்டியில ரெண்டு இருக்கு, அக்கா. வெயில்ல வெக்காதீங்க. நான் போட்ட குறிக்கு…”

“அத நான் மறக்க மாட்டேன்,” என்றாள் எல்லம்மாள். பெட்டியைத் தூக்குச் சட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

செல்வகுமாரி பையை மூடும்போது காசம்மாள் வந்தாள். “எனக்கு ஒண்ணு?”

“தீந்துபோச்சி, அக்கா. நாளைக்கு எடுத்தாரேன்.”

“பேரு எழுதுவியா?”

“எழுத மாட்டேன். எண் மட்டும்.”

“கதவுல?”

“கதவுப் பக்கமே வர மாட்டேன்.”

காசம்மாள் சிரிக்கவில்லை. “ஆம்புலன்ஸுக்குச் சொன்னா பின்னாடியே போலீஸு வருமா?”

வராது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. “நாங்க யாருக்கும் பேரு சொல்றதில்ல. போலீஸ் வருமான்னு எனக்குத் தெரியாது, அக்கா. கேட்டுட்டுச் சொல்றேன்.”

அவளுக்குப் பின்னால், ஒருவரை ஒருவர் பார்க்காதது போல இடைவெளி விட்டு, இன்னும் மூன்று பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். நான்கு பேரில் ஒருவர் வீடும் பட்டியலில் இல்லை.

12-06-2025, வியாழன்.
செய்தது: வாய்க்கால் கரையில் பயிற்சி, முப்பத்தொரு பேர். ஏழாவது பெட்டி கொடுத்தாயிற்று.
தவறியது: ஏழு வீடுதான் என்று நம்பியிருந்தேன். போலீஸ் வருமா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளாமல் போனேன். எல்லம்மாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை.
நாளைக்கு: எட்டரைக்குள் சுகாதார நிலையத்துக்குப் போய் நான்கு பெட்டி கேட்க வேண்டும். போலீஸ் பற்றி மருத்துவ அதிகாரியிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். பத்தரைக்கு வாய்க்கால் கரை.