சோதித்தவர்: பூரணி

குடை என்ற இரண்டெழுத்துச் சொல்லுக்காக ஒரே நாளில் முந்நூறு பேரிடம் ஏச்சு வாங்கியவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கொழும்பில் ஒரு கம்பனி 'தினச்சொல்' என்று ஒரு கைப்பேசி விளையாட்டை நடத்துகிறது. ஒரு நாளைக்கு ஒரு சொல், அதற்கு மூன்று குறிப்பு. எத்தனை எழுத்து என்று காட்டுவார்கள். ஆடுகிறவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். புதிர்களை எழுதுவது கிழக்குக் கரையில், ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் தம்பிராசாவாகிய நான். துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கோப்புக் கட்டியவனுக்கு ஓய்வு பெற்றபின் ஏற்ற வேலை. ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை.

புதிர் விஷயத்தில் எனக்கு ஒரு நியாயம் உண்டு. விடை தெரிந்ததும் ஆடுகிறவர் 'அட, இது தெரியாமல் போயிற்றே' என்று தன் தலையில் தட்ட வேண்டும். 'இது எனக்கு எப்படித் தெரியும்' என்று என் தலையில் தட்ட நினைக்கக் கூடாது. இரண்டில் எது நடக்கும் என்று எழுதியவனால் சொல்ல முடியாது. அவனுக்குத்தான் விடை தெரியுமே. அதனால் கம்பனியின் படிவத்தில் 'சோதித்தவர்', 'எடுத்த நேரம்' என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். விடை தெரியாத ஒருவர் முதலில் ஆடிப் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டிகள் வெறுமையாக இருந்தால் புதிரை அனுப்ப முடியாது.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் மனைவி பூரணி. பிள்ளைகள் இல்லாத வீடு. வேறு யார் இருக்கிறார்கள்? அவள் குசினியில் தேங்காய் திருவுவாள். நான் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு குறிப்புகளை வாசித்து, சுவர் மணிக்கூட்டில் நேரம் பார்ப்பேன். ஒரு குறிப்பு சரியில்லை என்றால் திருவலை நின்றுவிடும்.

"இஞ்சாருங்கோ, இது சனத்துக்கு எழுதினதோ, எனக்கு எழுதினதோ?" என்பாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உனக்கு என்ன தெரியும் என்று கத்துவேன். பிறகு முன் அறைக்குப் போய், சத்தம் போடாமல் குறிப்பை மாற்றிவிடுவேன். ஆறு வருடமும் இதே கூத்துத்தான். புதிர் நன்றாக இருக்கிறது என்று பெயர் எடுத்தது நான்.

பதினாலு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நெஞ்சு நோகுது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டோவில் திரும்பி வரும்போது நான் தனியாக இருந்தேன்.

ஒரு மாதத்துக்கான புதிர்களை முன்கூட்டியே அனுப்பியிருந்ததால் கொழும்பில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வந்த சனமெல்லாம் போனபின், பொழுது போகாமல் ஒரு புதிர் எழுதினேன். 'சோதித்தவர்' பெட்டி வெறுமையாக நின்றது. பூரணி என்று போட்டேன். இந்தச் சொல்லுக்கு அவள் எவ்வளவு நேரம் எடுப்பாள் என்று கொஞ்சம் யோசித்து, மூன்று நிமிடம் என்று எழுதினேன். அவள் திருவலையில் இருப்பதுபோலவே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே செய்தேன். பொய் என்று தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு நிமிடமாவது அவள் வீட்டில் இருந்தாள். அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் குடைப் புதிர் போனது. குறிப்புகள் இவை: கதவுக்குப் பின்னால் நிற்பேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன். என்னை மறந்துவிட்டு வந்தால் வீட்டில் சண்டை. பூரணிக்கு இரண்டு நிமிடம் என்று தாராளமாகப் போட்டிருந்தேன்.

நாலாயிரத்துச் சொச்சம் பேர் ஆடினார்கள். கண்டுபிடித்தவர்கள் பத்தொன்பது பேர். மற்றவர்கள் தடி என்றார்கள், கூடை என்றார்கள். ஒருவர் மாமி என்று போட்டிருந்தார். அது அவர் வீட்டு நிலவரம். விடை வெளிவந்ததும் ஏச்சு தொடங்கியது. 'குடைக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லையா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். முட்டாள்கள் என்று முதலில் திட்டினேன். பிறகு குறிப்புகளைத் திரும்ப வாசித்தேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லைத்தான்.

மத்தியானம் அம்ரா ஃபோனில் கூப்பிட்டாள். புதிர்களுக்குப் பொறுப்பானவள், எங்களுக்குப் பக்கத்துக் கிண்ணியாப் பிள்ளை, கொழும்பில் வேலை. அதுவரை ஈமெயிலில் மட்டும் பழக்கம்.

"அங்கிள், ஆன்ட்டி ரெண்டு நிமிசத்தில கண்டுபிடிச்சிருக்காங்க. சனத்துக்கு ஏலாமப் போயிட்டு. அது எப்பிடி?"

"அவ கெட்டிக்காரி" என்றேன்.

"அது தெரியும். முந்தியெல்லாம் ஆன்ட்டி எடுத்த நேரத்தை ரெண்டால பெருக்கினா சனம் எடுக்கிற நேரம் அப்பிடியே வரும். நாங்க அதை நம்பித்தான் வேலை செஞ்ச. ஒரு வருசமா அது சரிவரல்ல. மேல கேக்கிறாங்க, அங்கிள். சோதிக்காமப் போட்டிருந்தா உங்கட புதிரை நிப்பாட்டிடுவாங்க. நான் இந்தக் கிழமை ஊருக்கு வாறன். சனிக்கிழமை வீட்ட வந்து ஆன்ட்டியோட கொஞ்சம் கதைக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. "ஓம், வாங்கோ" என்றேன்.

புதிர் நின்றால் நான் பட்டினி கிடக்கப் போவதில்லை; பென்சன் இருக்கிறது. ஆனால் அவள் பெயரை எழுத எனக்கு இருந்தது அந்த ஒரு பெட்டிதான். அதற்காக நான் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை காலை, சுவரில் மாலையோடு தொங்கிய பூரணியின் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். வெருகலில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல, கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு தடவை பழகியும் பார்த்தேன்.

அம்ரா பத்து மணிக்கு வந்தாள். கையில் ஒரு பை நிறைய மாம்பழம். "ஆன்ட்டிக்கு" என்றாள்.

"அவ வெருகலுக்குப் போயிட்டா, தங்கச்சி வீட்ட."

"பரவாயில்ல அங்கிள். ஃபோன் எடுத்துத் தாங்க. ரெண்டு வார்த்தை கதைச்சா காணும்."

ஃபோனைக் கையில் எடுத்தேன். அவளுடைய நம்பர் இன்னும் அதில் இருந்தது. அம்ரா கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஃபோனைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"பூரணி இல்லை, பிள்ளை. செத்துப் பதினாலு மாசம்."

அம்ரா தங்கள் சமய வழக்கப்படி வாய்க்குள் ஏதோ ஓதினாள். நான் அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்து, பழைய ஆணியிலேயே மாட்டினேன். சரிந்த மாலையை அவள்தான் நேராக்கிவிட்டாள்.

"அப்ப இவ்வளவு காலமும் ஆர் அங்கிள் சோதிச்ச?"

"நான்தான். அவளாயிருந்தா எவ்வளவு நேரம் எடுப்பாள் எண்டு நினைச்சுப் பாத்து எழுதினனான்."

ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. கதவுப் பக்கம் பார்த்தாள். கதவுக்குப் பின்னால், பூரணி வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோகும் நீலக் குடை சாத்தியிருந்தது. அதை இரண்டு தடவை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அம்ரா குடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்குப் போற புதிர் இருக்கா? வாசிங்க, நான் சோதிக்கிறன்."

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, குசினி வாசலில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பதினாலு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டு வாசித்தேன். "நாலெழுத்து. பின் யன்னலைத் திறந்தால் நிற்கும். பின்னேரம் தேத்தண்ணியோடு எண்ணலாம். ஒன்றும் இல்லாவிட்டால் அன்றைக்குக் கதைக்க ஒன்றும் இல்லை."

"குரங்கா?"

"இல்லை."

அவள் நிறைய நேரம் யோசித்தாள். "எனக்கு ஏலா, அங்கிள்" என்றாள்.

பின் யன்னலைத் திறந்து காட்டினேன். உள்துறைமுகத்தில் மூன்று கப்பல்கள் நின்றன.

"கப்பலா? கொழும்பில நான் இருக்கிற வீட்டில பின் யன்னலைத் திறந்தாப் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இதை ஆருக்கு எழுதினீங்க, அங்கிள்?"

அது பூரணியின் கேள்வி. ஆனால் இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருடமாக நான் சனத்துக்கு எழுதவே இல்லை. ஒருத்தியால் மட்டும் கண்டுபிடிக்கக்கூடிய புதிர்களை ஒவ்வொரு நாளும் எழுதி, அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று நானே பதிந்துகொண்டிருந்தேன். நாலாயிரம் பேர் ஒன்றும் விளங்காமல் வாசலில் நின்றிருக்கிறார்கள்.

"அவளுக்குத்தான்" என்றேன்.

"மேல நான் கதைக்கிறன். ஆனா சோதிச்சவர் பேரை உண்மையாப் போடுங்க. நீங்க எழுதுறத எனக்கு அனுப்புங்க, ஆளையும் நேரத்தையும் சரியாப் போட்டா நிப்பாட்டமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெயில் கொளுத்தியது. குடையைத் தரட்டா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அவள் போனபின் படிவத்தைத் திறந்தேன். 'சோதித்தவர்' பெட்டியில் விரல் பட்டதுமே ஃபோன் தானாகப் பூரணி என்று காட்டியது. நானூறு தடவை அடித்த பெயர், அதற்கும் பழகிவிட்டது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். நான் தட்டவில்லை. அம்ரா என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். 'எடுத்த நேரம்' என்ற இடத்தில் 'கண்டுபிடிக்கவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியிலும் சுடலையிலும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாசலில் போட்ட கதிரையில் இருந்தபடியே அழுதேன். குசினியில் ஒருவரும் இல்லை.