ஒன்பதாம் எண்ணுக்கு ஐந்து கேள்விகள்

மூன்றாம் கால்பகுதி முடிய ஒரு நிமிடம் இருக்கையில் டேன் ஹார்க்னஸ் விழுந்தான். உயரப் பந்துக்கு எம்பியவனின் காதோரம், பின்னாலிருந்து எம்பிய ஒரு தடியனின் முழங்கால் இடித்தது. தொண்ணூறாயிரம் பேரும் ஒன்றாக ‘ஊ’ என்றார்கள்.

நான் நார்ம் பிகட். முப்பது வருடமாக எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பில் தைலம் தேய்க்கிறவன், கட்டுப் போடுகிறவன். டாக்டர் உள்ளே இன்னொருவன் புருவத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆகவே டேனைத் தாங்கி வந்து பெஞ்சில் உட்கார வைத்ததும் நான்தான், அவனைத் திரும்ப அனுப்பலாமா என்று சொல்ல வேண்டியதும் நான்தான்.

டேனுக்கு முப்பத்துமூன்று வயது. முந்நூறு ஆட்டம், லீக்கின் சிறந்த ஆட்டக்காரன் பதக்கம் இரண்டு. எது இருந்து என்ன? சாம்பியன் கொடி ஒன்றுகூட இல்லை. அவன் அப்பா ரெக்ஸுக்கு இருந்தது. இதே ஒன்பதாம் எண் சட்டையில், இருபத்துமூன்று வருடம் முன்னால், இதே மைதானத்தில் இறுதி ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் ஐந்து கோல் அடித்து, தோற்கவிருந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தினான் ரெக்ஸ். எங்கள் பேட்டை பப்பில் அந்த ஐந்தையும் இன்னும் வரிசையாகச் சொல்வார்கள். ‘நல்லாத்தான் ஆடறே, ஆனா உங்கப்பன் மாதிரி வருமா?’ இதைக் கேட்காத சனிக்கிழமை டேனுக்குக் கிடையாது. எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

இது அவனுடைய கடைசி ஆட்டம், இறுதி ஆட்டம். நாங்கள் எட்டுப் புள்ளி பின்தங்கியிருந்தோம்.

சைரன் ஊதியது. இடைவேளைக்கு மைதானத்துக்குள் வந்த கோச், ஆட்டக்காரர் கும்பலிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினார். “யோவ் நார்ம், வருவானா மாட்டானா? ஒரு வார்த்தை சொல்லு.”

தலையில் அடிபட்டவனைக் கேட்க எங்களிடம் ஐந்து கேள்விகள் உண்டு; ஒன்று தவறினாலும் அவன் திரும்ப ஆடக் கூடாது. எந்த மைதானம், எத்தனையாவது கால்பகுதி, எதிரே யார், கடைசி கோல் யார் அடித்தது, போன வாரம் யாரோடு ஆடினோம். மைதானத்தைச் சரியாகச் சொன்னான் டேன். கால்பகுதி இரண்டாவது என்றான். அத்தோடு நிறுத்தினேன்.

அவனோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். “பதிலைச் சொல்லிக் குடு நார்ம். எங்கப்பாவுக்குச் சொல்லிக் குடுத்தியே.”

ஆமாம், சொல்லிக் கொடுத்தேன். அந்த இறுதி ஆட்டத்தின் பாதி ஆட்ட இடைவேளையில் ரெக்ஸுக்கு எந்த மைதானம் என்றுகூடத் தெரியவில்லை. கோச் வருவதற்குள் ஐந்து பதிலையும் அவன் காதில் ஓதினேன். ரெக்ஸ் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான், போனான், ஜெயித்தான். அந்த ஐந்து கோலில் ஒன்றுகூட ஞாபகமில்லை என்று இரண்டு நாள் கழித்துச் சொல்லிச் சிரித்தான். பாவி, நானும் சிரித்தேன். அதற்குப் பிறகும் நான்கு வருடம், தலையில் ஆறு அடி, ஆறு தடவையும் அதே ஓதல். இன்றைக்கு ரெக்ஸுக்கு ஐம்பத்தைந்து. செத்துப்போன மனைவி எங்கே என்று தினமும் கேட்கிறான். எல்லாம் மறந்தவனுக்கு இது மட்டும் நினைவில் நின்று, மகனிடம் சொல்லியிருக்கிறான்.

“இன்னிக்கு மட்டும்,” என்றான் டேன். “நாளைலேர்ந்து நான் ஆட்டக்காரனே இல்ல. அப்புறம் என்ன வேணா ஆகட்டும்.”

“உன் பொண்ணுங்க பேரு சொல்லு.”

“அது உன் அஞ்சுல இல்லியே.”

“சொல்லுடா.”

பெரியவள் பெயரைச் சொன்னான். சின்னவளுக்காக வாயைத் திறந்தான். திறந்தது திறந்தபடியே இருந்தது.

நான் குனிந்து அவன் இடது பூட்ஸைக் கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். கோச்சைப் பார்த்துக் கையை விரித்தேன். டேன் எழப் பார்த்தான். கால் மடங்கி மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். கோச் என் அம்மாவை இழுத்துத் திட்டினார். கடைசிக் கால்பகுதி முழுக்க அந்தப் பூட்ஸை விடாமல் பிடித்திருந்தேன். மூன்று புள்ளியில் தோற்றோம். ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. அவன் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் போதும்.

உடைமாற்றும் அறையில் ஒருவனும் என்னிடம் பேசவில்லை. டாக்டர் டேனின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லப் போனார். டேன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அப்போது, ஆட்டம் பார்க்க வந்திருந்த ரெக்ஸை கிளப்காரர்கள் கைபிடித்து அழைத்துவந்தார்கள். கழுத்தில் கிளப் துண்டு. சேறும் தைல வாசனையுமாக இருந்த அந்த அறையைச் சுற்றுமுற்றும் பார்த்தான். நேரே என்னிடம் வந்து, அந்தக் காலத்தில் செய்வதுபோல் மோவாயைத் தூக்கி முகத்தைக் காட்டினான்.

“நல்லாத்தான் இருக்கேன் நார்ம். கேள்வியக் கேளு. நான் திரும்பப் போகணும்.”

டேன் தலையைத் திருப்பினான்.

நான் ரெக்ஸின் தோளில் கை வைத்தேன். “வேணாம் ரெக்ஸ். இன்னிக்கு உன் ஆட்டம் முடிஞ்சுது. உக்காரு.”

ரெக்ஸ் மோவாயை இறக்கினான். “சரி, நீ சொன்னா சரி,” என்று மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

அவ்வளவுதான். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் கேட்டிருப்பான். நான்தான் சொல்லவில்லை.

டேன் அப்பாவின் கழுத்துத் துண்டைச் சரிசெய்தான். பிறகு பூட்ஸ் மாட்டியிருந்த வலது காலை என் பக்கம் நீட்டினான்.

“இதையும் கழட்டு நார்ம்.”

குனிந்தேன். சேற்றில் இறுகியிருந்த முடிச்சை அவிழ்க்க நேரமாயிற்று.