பக்கத்துப் பாய்

"அது என்னோட பழைய ஷூ. உள்ளே பாரு, என் இனிஷியல் இருக்கும்" என்று ஏழாம் வகுப்பு லீடர் சொன்னதும், வகுப்பே குனிந்து பார்த்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பெண் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். இழுத்து என்ன பயன்? முன்வரிசைக்காரி ஒருத்தி ஷூவைக் கழற்றிப் படித்தே விட்டாள். மதியத்துக்குள் புதியவளுக்கு 'இரவல்' என்று பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அப்புறம் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

அவளுடைய அம்மா லீடர் வீட்டில்தான் துணி துவைத்துப் பாத்திரம் தேய்க்கிறாள். ஷூ அங்கிருந்து வந்ததுதான், பொய்யில்லை. அதற்காக ஊருக்கே தண்டோரா போட வேண்டுமா? இரவலுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அழவில்லை. அழுதால் கோபம் ஆறிவிடும், ஆறவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த விடுமுறையில் அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கூடமாட உதவப் போனவள், லீடரின் மெத்தையை அம்மாவோடு சேர்ந்து மொட்டைமாடிக்குத் தூக்கினாள். நடுவில் பெரிய ஈரம். நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"இந்த வீட்ல கைக்குழந்தை இருக்காம்மா?"

"ஏது? ஒரே பொண்ணுதானே. தினமும் இப்படித்தான், பாவம். நீ வெளிய வாயைத் தொறந்தியோ, என் வேலை போயிடும்டி. அப்புறம் நம்ம அடுப்புல பூனைதான் தூங்கும்."

"தொறக்க மாட்டேம்மா" என்றாள் இரவல். அன்றைக்கு அவள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மாதக் கடைசியில், பள்ளிக்கூடத்திலேயே ஒரு ராத்திரி தங்கும் முகாம் வந்தது. காய்ச்சல் வரும்போல இருக்கிறது, வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று லீடர் சாக்குமேல் சாக்காக அடுக்கினாள். டீச்சர் அரைமனதாகத் தலையாட்டப் போன நேரம், கடைசி பெஞ்சிலிருந்து இரவல் எழுந்தாள்.

"லீடர் இல்லாம எப்படி டீச்சர்? என் பக்கத்துல பாய் போட்டுக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"பாரு, இவளுக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்றார் டீச்சர். வகுப்பு கைதட்டியது. எரிந்த வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது இரவலுக்கு.

முகாமன்று சாயங்காலம் ஓட்டப்பந்தயத்தில் லீடர்தான் முதலில் வந்தாள். சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்தபோது அவள் உதடு வெடித்திருந்தது. தண்ணீரை மட்டும் தொடவில்லை. இரவல் கூஜாவும் டம்ளருமாக வந்து எதிரில் நின்றாள்.

"இவ்வளவு ஓடியிருக்கே. இந்தா, தண்ணி குடி."

"வேணாம்."

"மத்தியானத்துலேருந்தே குடிக்கலையே. டீச்சர், லீடர் தண்ணியே குடிக்க மாட்டேங்கறா!"

லீடர் நிமிர்ந்தாள். இரவலின் முகத்தில் சிரிப்பு இல்லை. தன் மெத்தையை யார் தூக்கியிருப்பார்கள் என்பது அப்போதுதான் லீடருக்கு உறைத்தது.

"ப்ளீஸ்" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

டம்ளரை நீட்டிய கை கொஞ்சம் தாழ்ந்தது. கொஞ்சம்தான்.

"குடிச்சிடும்மா, மயக்கம் போட்டு விழுந்துடப் போறே" என்றார் டீச்சர். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லீடர் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, இரவல் கூஜாவைச் சாய்த்து அவளுக்கே இன்னொரு டம்ளரை நிரப்பத் தொடங்கினாள்.