நிழலில் காயப்போடும் தோல்

என் கணவரின் அண்ணன் ஞானசிகாமணிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. ஆம்பூரில் ஒரு தோல் ஃபாக்டரியில் சூப்பர்வைசர், எங்கள் சபைக் கமிட்டியில் செயலாளர். இந்த இரண்டும் இருந்தால் வைத்தியமும் தானாக வந்துவிடும் என்று அவருக்கு நினைப்பு.

என் கணவர் தேவானந்தத்துக்குப் பித்தநாளத்தில் கட்டி. அபூர்வமான வகை, அறுத்தெடுக்க முடியாத இடம். வேலூர் டாக்டர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். முதலில் ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது கட்டியில் போய்த் தங்கியதும், வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே லேசர் வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட மருந்து கட்டியை அழிக்கும். பூரண குணம் என்று அவர் சொல்லவில்லை. அடைப்பு குறையும், காமாலை இறங்கும், கொஞ்ச காலம் உடம்பு அரிப்பில்லாமல் தூங்கலாம், சாப்பிடலாம் என்றார். அந்தக் கொஞ்ச காலம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

"ஆனா அந்த மருந்து தோல்லயும் தங்கும்மா. ஒரு மாசத்துக்கு மேல வெயிலே படக்கூடாது. பட்டா வெந்துடும்."

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜன்னலுக்கெல்லாம் கருப்புத் துணி கட்டினேன். ஒரு சின்ன பல்பு மட்டும் எரிந்தது. அந்த மங்கலில் அவர் ரசம் சாதத்தைக் கேட்டு வாங்கிப் பிசைந்து சாப்பிட்டார். எத்தனையோ மாதம் கழித்து எனக்கு வயிறு நிறைந்தது.

அப்போது வந்தார் ஞானசிகாமணி.

"இன்னாம்மா ஜெபா, எழவு வீடாட்டம்? லைட்டாலதானே சுகமாச்சு? அந்த லைட்டையே அடைச்சு வெச்சிருக்கியே."

டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். "டாக்டருங்க ஜாஸ்திதான் பயமுறுத்துவாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மருந்து வாங்க வேலூர் போய்விட்டுத் திரும்பினால், எங்கள் வாசலில் ஷாமியானா. ஸ்தோத்திரக் கூட்டமாம். ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர் சபையார் முன்னால் சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பந்தலுக்குக் கீழே கமிட்டியும் கேசரி அண்டாவும் சுகமாக உட்கார்ந்திருக்க, சாட்சி சொல்பவரின் நாற்காலி மட்டும் வெளியே, உச்சி வெயிலில் கிடந்தது. போனில் வீடியோ பளிச்சென்று விழ வேண்டுமே.

என் கணவர் இரண்டு கைகளையும் தூக்கி நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். தலை நரைத்தும் அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியாத ஜென்மம். புடவைத் தலைப்பால் மூடி உள்ளே இழுத்துப் போனேன். "இன்னும் ஜெபம் முடியலம்மா" என்றார் செயலாளர்.

சாயங்காலத்துக்குள் முகம் வீங்கிவிட்டது. கைகள் முழுக்கக் கொப்புளம். திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி, இரண்டு கையிலும் கட்டோடு வந்தோம். சோற்றை நான்தான் ஊட்டினேன். வாயைத் திறந்தால் உதடு வெடித்து ரத்தம் வந்தது. பாதியில் போதும் என்று தலையை ஆட்டிவிடுவார். கெஞ்சி வாங்கிவந்த நாட்கள் இப்படிப் போயின.

"அண்ணன் வந்தா மருந்து ஒத்துக்கலன்னு சொல்லிடு ஜெபா. பாவம், ஆசையா செஞ்சாரு" என்றார். அவர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

அண்ணன் இளநீரோடு வந்தார். கதவைப் பாதி திறந்து, வழிவிடாமல் நின்றேன்.

"மருந்து ஒத்துக்கல, அதானே? இந்த லைட்டு வைத்தியமே எனக்கு அப்பவே புடிக்கல."

பொய் சொல்லும் வேலையைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

"மாமா, உங்க ஃபாக்டரில நல்ல தோலை எங்க காயப்போடுவீங்க?"

"நெழல்லதான். வெயில்ல போட்டா முறுக்கிக்கும், வெடிச்சிடும். எவனாவது போட்டான்னா அன்னிக்கே வேலய விட்டு அனுப்பிடுவேன். ஏம்மா?"

"மாட்டுத் தோலுக்கு இருக்கற மரியாத உங்க தம்பி தோலுக்கு இல்லயே மாமா."

இளநீரைக் கை மாற்றிப் பிடித்தார்.

உள்ளேயிருந்து என் கணவர் செருமினார். இப்போது அண்ணனை உள்ளே வரச்சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எப்போதும் அப்படித்தான்.

"ஜெபா, கதவைச் சாத்து" என்றார். "வெளிச்சம் வருது."