நல்ல சுகம் என்று சொன்னவரின் மேன்முறையீடு

1.
கிட்ட வந்து இருங்கள், மக்காள். ஒரு மனிதர் சுகமாக இருந்து மாட்டிக்கொண்ட கதையொன்று சொல்கிறேன். உள்ளதைச் சொன்னால், இது கதையாகப் பிறக்கவில்லை. ஏறாவூரில் என் பக்கத்து வளவு கைறுன்னிஸா, புருஷன் முத்தலிப்புக்குக் கால் ஊனத்துக்கான அரசாங்க உதவிப்பணம் மறுக்கப்பட்டதால், மேன்முறையீட்டுக் கடிதம் எழுதித் தரக் கேட்டாள். கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2.
முதல் தொடக்கம்: ‘ஐயா, ஊர்காவற்படையில் காவல் நின்றபோது குண்டுச் சிதறல் பட்டு, முழங்கால் மடங்காமல் போன முத்தலிப், தீராத வேதனையில் துடித்து...’

வாசித்துக் காட்டியதும், என்னை அக்கா முறையில் ‘ராத்தா’ என்று கூப்பிடும் முத்தலிப் சிரித்தார். “ஆர் ராத்தா துடிச்ச? நான் பகல் சோறு திண்டுட்டு நல்லா உறங்கின.”

வெட்டிவிட்டேன். (இந்த ஆளை வைத்துச் சோகக் கதை எழுத முடியாது.)

3.
அங்கவீனக் கொடுப்பனவு மறுக்கப்பட்ட விதம் இதுதான். ஊனத்தைப் பார்த்துச் சான்று தரும் மருத்துவச் சபைக்கு வெள்ளைச் சட்டை, புதுச் சாரன், அத்தர் வாசத்தோடு போனார். டொக்டர், “எப்படி, சுகமா?” என்றார். நம் ஆட்கள் என்ன சொல்வோம்? “அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம். ஒரு குறையுமில்ல.” அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

“தெருவில கேட்டாச் சொல்ற மாதிரி அங்கயும் சொல்லியிருக்காரு, ராத்தா!” கைறுன்னிஸா தலையில் அடித்துக்கொண்டாள். “இந்தத் தரமாவது கொஞ்சம் முனகுங்க.”

“அல்லாஹ் தந்த சுகத்த இல்லெண்டு சொல்ல ஏலுமா, புள்ள?”

4.
இங்கே அவரை இரண்டு பக்கத்துக்கு முனக வைத்தேன். வாசித்தால், முனகுவது அவரல்ல, நான். கிழித்துவிட்டேன். நடந்ததையே சொல்கிறேன்.

மேன்முறையீட்டு விசாரணையிலும் அதே கேள்வி. கூடப் போன கைறுன்னிஸா கண்ணை மூடிக்கொண்டாள். அதே பதில்.

“அப்ப எதுக்கு மேன்முறையீடு?”

“நீங்க என்னைக் கேட்டீங்க, சேர். நான் சுகம். காலைக் கேக்கல்லியே.”

டொக்டர் பேனையை வைத்தார். “சரி, கால் எப்படி?”

“அது மடங்காது, சேர். இருபத்தாறு வருஷமாக் கதிரையில இருந்துதான் தொழுறன். நெத்தி நிலத்தில பட்டு அவ்வளவு காலமாச்சு.”

ஒரு முனகலும் இல்லாமல்தான் சொன்னாராம்.

5.
டொக்டர் மறுபடி பேனையை எடுத்து, முன்பு எழுதியதை ஒரே கோட்டில் வெட்டினார் என்று...

இல்லை. அதை நானும் காணவில்லை, கைறுன்னிஸாவும் முத்தலிப்பும் காணவில்லை. முடிவுக் கடிதம் இன்னும் வரவில்லை. முத்தலிப்போ வேலியால் எட்டிப் பார்த்து, “கதையில என்னை நல்ல சுகமெண்டு போடுங்க, ராத்தா” என்கிறார்.

போட்டுவிட்டேன். டொக்டரின் பேனையை உங்கள் கையில் தருகிறேன், மக்காள். அந்தத் தாளில் எழுத வேண்டியதை நீங்கள் எழுதுங்கள். உங்கள் வாசலில் யார் வந்து சுகம் கேட்டாலும், நல்ல சுகமென்று பொய்யில்லாமல் சொல்லும்படி அல்லாஹ் உங்களை வைக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லாருடைய முழங்காலும் மடங்கட்டும்.