சாயங்காலம் வரைக்கும்

நஜ்லா தந்தையின் தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் துணியை முடிந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

ஜன்னல் விளிம்பில் கிடந்த அவருடைய தொலைபேசிதான். முடிச்சை விட்டால் வாய் திறந்துகொள்ளும். கால்மாட்டில் இருந்த அம்மா ரஹீமா இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியபடியே நிமிர்ந்து பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"யாருன்னு பாரு."

நஜ்லா முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்து போய்ப் பார்த்தாள். பஹ்ராம். அவர்களுடைய குடியிருப்பு அனுமதி மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருந்த தரகர். நேற்று மாலை அவர்தான் அப்பாவைக் கூப்பிட்டு, "நாளைக்குத் தயாரா இருங்க கியாமுத்தீன் அகா, கூப்பிட்டா உடனே வரணும்" என்று சொல்லியிருந்தார். அதனால்தான் கியாமுத்தீன் விடியும் முன்பே எழுந்து, தொழுது, தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலுறையை மாட்டினார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். நஜ்லா தண்ணீரோடு வந்தபோது அவர் பக்கவாட்டில் சாய்ந்திருந்தார். காலுறை கையிலேயே இருந்தது. மூன்று வருடம் மருத்துவம் படித்தவள் அவள். மார்பை அழுத்தினாள், மூச்சு ஊதினாள், நாடி பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"சொல்லுங்க பஹ்ராம் அகா."

"தங்கச்சி, அப்பா எங்க? நல்ல சேதி. ஃபைல் பெரியவர் மேசைக்குப் போயிடுச்சு. இன்னைக்குக் கையெழுத்து. நீங்க வரக்கூட வேண்டாம்னுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

நஜ்லா தந்தையின் முகத்தைப் பார்த்தாள். துணிக்கட்டோடு, பல்வலிக்காரர் மாதிரி இருந்தார்.

"அகா, ஒரு விஷயம் கேக்கணும். கையெழுத்துக்கு முன்னாடி, மனு போட்டவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

மறுமுனையில் காரின் இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக்கென்று கேட்டது.

"எப்ப?" என்றார் பஹ்ராம்.

"காலையில."

"அல்லா." நீண்ட மூச்சு. "யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்குத்தான்."

"கேளு தங்கச்சி. நீ சொன்னது என் காதுல விழல. முதலீடு போட்டது அவரு, மனு அவரு பேர்ல. உங்க ரெண்டு பேர் மனுவும் அவரு முதுகுல ஏறி உக்காந்திருக்கு. கையெழுத்து ஆயிட்டா உங்களுக்குத் தனித்தனி அட்டை, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு முன்னாடி இறப்பு பதிவாயிட்டா ஃபைலை மூடிடுவாங்க. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். உங்க விசா இந்த மாசக் கடைசியோட முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"டாக்டரைக் கூப்பிடாத. தெரு மொஹல்லா கமிட்டிக்குச் சொல்லாத. அழுகைச் சத்தம் கேக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் உங்கப்பா உயிரோட இருக்கட்டும்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள். ரஹீமா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "குளிப்பாட்டாம, நாலு பேருக்குச் சொல்லாம, இப்படியே போட்டு வெக்கிறதா?" என்றாள்.

"ஒரு பகல்தான்மா. இதுக்காகத்தானே பாபா இவ்வளவு நாளும்…"

அம்மா தலைத்துணியின் முனையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நஜ்லா ஏ.சி.யின் வெப்பநிலையைக் கடைசி அளவுக்குக் குறைத்தாள். ஜூலை வெயில் அதற்குள் பால்கனிக் கண்ணாடியில் ஏறியிருந்தது. திரைகளை இழுத்து மூடினாள். நடையில் இருந்த நிலைக்கண்ணாடிக்கு, சாவு வீட்டு வழக்கப்படி, அம்மா ஏற்கெனவே ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்தாள்.

சொந்த ஊரான மஸாரில் உலர்திராட்சைக் கிடங்கையும் இரண்டு கடைகளையும் விற்றுத்தான் தாஷ்கந்தில் இந்த நாலாவது மாடி வீட்டைக் கியாமுத்தீன் வாங்கினார். வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி கிடைக்கும் என்று சட்டம் இருந்தது. சட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. காத்திருப்பதைப் பற்றித்தான் அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முதலில், நன்னடத்தைச் சான்று ஊரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வந்தது. அதில் முத்திரை போட்டவர்களை யார் அங்கீகரித்தது என்று கேட்டார்கள். அதற்கு ஒரு குளிர்காலம் போயிற்று. பிறகு பெயரின் எழுத்து ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தது. பிறகு அதிகாரி மாறினார். புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தார். ஒவ்வொரு முறையும் பஹ்ராம் கூப்பிட்டு, "நாளைக்கு" என்பார்.

"வீட்டுக்கு இந்த ஊர்ல இருக்க அனுமதி கிடைச்சாச்சு, வீட்டுக்காரனுக்குத்தான் இன்னும் இல்ல" என்று கீழே பெஞ்சில் உட்கார்ந்து கியாமுத்தீன் சிரிப்பார். இரவில் மட்டும் சிரிக்கமாட்டார். விசா முடிந்து எல்லைப் பாலம் தாண்டித் திரும்பிப் போன குடும்பங்களின் பெயர்களை அவர் வீட்டில் சொல்லவிடமாட்டார். மஸாரில் நஜ்லாவின் கல்லூரி வாசல் பெண்களுக்கு மூடப்பட்ட அன்று மாலைதான் அவர் கிடங்கை விற்க ஆள் பார்த்தார். இங்கே மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"கியாமுத்தீன் அகா! வெயில் ஏறுது, தோத்துப்போவோம்னு பயமா?"

மூன்றாவது மாடி தோஹிர். தினமும் காலையில் மல்பெரி மரத்தடியில் இருவரும் டோமினோ ஆடுவார்கள். நஜ்லா பால்கனிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினாள்.

"பாபாவுக்கு உடம்பு சரியில்ல, தோஹிர் அகா. தூங்குறாரு."

"அப்படியா? நேத்து என்னை மூணு தடவ ஜெயிச்சாரே, அந்தச் சந்தோஷத்துல ஜுரம் வந்திருக்கும். டாக்டரைக் கூட்டிட்டு வரட்டுமா? என் மச்சான் பக்கத்துலதான் இருக்கான்."

"வேண்டாம், வேண்டாம். மாத்திரை குடுத்திருக்கேன்."

அவர் மேலே பார்த்தபடியே, "எழுந்ததும் சொல்லு" என்றுவிட்டுப் போனார்.

உள்ளே வந்தபோது அம்மா அப்பாவின் காலுறைகள் இரண்டையும் எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. ஒரு சத்தமும் வரவில்லை. நஜ்லா பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் கையைத் தொட்டாள். ஏ.சி. குளிரா, அந்தக் குளிரா என்று பிரித்தறிய முடியவில்லை. அவளுக்கும் அழுகை வந்தது. வந்த அழுகையைத் தொண்டையிலேயே நிறுத்தி விழுங்கியபோது காது அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் யாரோ வாணலியில் வெங்காயம் வதக்கினார்கள். லிஃப்ட் ஏறும் ஒவ்வொரு முறையும் இருவரும் கதவைப் பார்த்தார்கள்.

நண்பகலுக்குச் சற்று முன் கதவு தட்டப்பட்டது.

தோஹிரின் மனைவி மஸ்தூரா. கையில் மூடி போட்ட கிண்ணம்.

"மஸ்தவா பண்ணேன், அரிசி சூப்பு. தயிர் நெறைய விட்டிருக்கேன், உடம்பு சரியில்லாதவருக்கு இறங்கும். ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேனே."

"இப்பதான் கண்ணசந்தாரு, மஸ்தூரா ஓபா." நஜ்லா கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு கிண்ணத்துக்குக் கை நீட்டினாள்.

மஸ்தூரா கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. அவள் பார்வை நஜ்லாவின் தோளுக்கு மேலே போயிற்று. நடையில், போர்த்தப்பட்ட கண்ணாடி. அதற்கு அப்பால் மூடிய அறைக் கதவு. கதவடியிலிருந்து தரையோடு தரையாக வரும் குளிர்காற்று அவளுடைய கால்வரை வந்திருக்க வேண்டும். அவள் கீழே ஒருமுறை பார்த்தாள். பிறகு நஜ்லாவின் முகத்தை. வெகுநேரம்.

"அம்மா ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்றாள் தணிந்த குரலில்.

"இல்ல."

"நீ?"

நஜ்லா கிண்ணத்தைப் பார்த்தாள்.

மஸ்தூரா கிண்ணத்தை அவள் இரு கைகளிலும் வைத்து, அந்தக் கைகளைத் தன் கையால் ஒருமுறை அழுத்தினாள். "கதவ மூடிக்கோ. குளிர்காத்து வெளிய போகுது" என்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

நஜ்லா கதவுக்குப் பின்னால் கிண்ணத்தோடு நின்றாள். மஸ்தூரா போய் யாருக்குச் சொல்வாள்? மொஹல்லாவுக்கா? டாக்டரான தன் தம்பிக்கா? காதைக் கதவில் வைத்துக் கேட்டாள். கீழ் வீட்டுக் கதவு திறந்து மூடியது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பிற்பகல் நகரவே இல்லை. பஹ்ராமிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: பெரியவர் சாப்பிடப் போயிருக்கிறார். இன்னொன்று: வந்துவிட்டார், உள்ளே ஆள் இருக்கிறது. கியாமுத்தீனின் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டன் விறைத்த தொண்டையை அழுத்திக்கொண்டிருந்தது. ரஹீமா அதைக் கழற்றிவிட்டாள். நகங்கள் நிறம் மாறத் தொடங்கியிருப்பதை நஜ்லா பார்த்தாள். அம்மா பார்க்காமலிருக்க விரிப்பை இழுத்து மூடினாள். அம்மா அதையும் பார்த்தாள்.

தொலைபேசி அடித்தபோது நஜ்லா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"தங்கச்சி, ஒண்ணும் பயப்படாத. பெரியவரை மந்திரி கூப்பிட்டுட்டாரு. திடீர் கூட்டம். ஃபைல் மேசையிலதான் இருக்கு, நான் கண்ணால பாத்தேன். நாளைக்குக் காலையில முதல் வேலையா…"

"நாளைக்கா?"

"கண்டிப்பா நாளைக்கு. ஐஸ் கட்டி வாங்கி வெச்சுக்கோ. நான் வேணா ஆளனுப்பறேன். இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு ராத்திரிதானே…"

ரஹீமா தலையை நிமிர்த்தினாள். வாயிலிருந்த துணியை எடுத்தாள். அது நனைந்து கசங்கியிருந்தது.

"என்னவாம்?"

"நாளைக்குன்னு சொல்றாரும்மா."

ரஹீமா கணவரின் முகத்தைப் பார்த்தாள். "இவங்க நாளைக்கு நாளைக்குன்னு சொன்னதுக்காகத்தான் இந்த மனுஷன் ரெண்டு வருஷம் காத்துக் கிடந்தாரு. செத்த பிறகும் காத்துக் கிடக்கணுமா?"

"அம்மா, விசா…"

"தெரியும்."

"நாம திரும்பிப் போறதாயிடுமே."

"தெரியும் நஜ்லா."

தரையில் கையூன்றி அவள் எழுந்தாள். முழங்கால் மரத்திருந்ததால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நஜ்லா ஓடிப்போய் வாசலை மறித்திருக்கலாம். தொலைபேசிக்குள் பஹ்ராம் "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் இருந்த இடத்தில் இருந்தாள்.

ரஹீமா கதவை விரியத் திறந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த குரல் படிக்கட்டு முழுக்க இறங்கியது.

"நஜ்லாவோட பாபா! எங்கள யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்க!"

இரண்டாவது தடவை அவள் கூவி முடிப்பதற்குள் காலடிகள் ஏறிவந்தன. முதலில் மஸ்தூரா. அவள் தலையில் துக்கத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணி ஏற்கெனவே கட்டியிருந்தது. பின்னாலேயே வந்த பெண்களுக்கும் அப்படியே. மஸ்தூரா ரஹீமாவை அப்படியே வாரி அணைத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அவளைவிடப் பெரிய குரலில் அழத் தொடங்கினாள். நஜ்லா பால்கனிக்கு வந்து பார்த்தாள். மல்பெரி மரத்தடியில் பெஞ்சுகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. தேநீருக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். பெரிய பாத்திரத்தில் குளிப்பாட்டுவதற்கான வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு நொடியில் செய்த ஏற்பாடாகத் தெரியவில்லை.

"ஓபா, உங்களுக்கு மத்தியானமே…" என்று திரும்பினாள்.

"அப்புறம் பேசலாம், கண்ணு. இப்ப அழு" என்றாள் மஸ்தூரா.

தோஹிரின் மச்சான் வந்து பார்த்து, எழுத வேண்டியதை எழுதினார். எப்போது இறந்தார் என்று கேட்டபோது நஜ்லா வாய் திறந்தாள். தோஹிர் முந்திக்கொண்டு, "இன்னைக்கு" என்றார். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆண்கள் உள்ளே போய்க் குளிப்பாட்டினார்கள்.

மொஹல்லாத் தலைவர் நடுவயதுக்காரர், நல்ல மனிதர்தான். பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டியவர் நெற்றியைச் சொறிந்தார்.

"குடியிருப்பு அனுமதி?"

"மனு போட்டிருக்கோம்" என்றாள் நஜ்லா.

"எப்ப வரும்?"

தலைவர் சங்கடத்தோடு தோஹிரைப் பார்த்தார். "நம்ம கபுருஸ்தான்ல புது இடம் குடுக்கணும்னா இந்த மொஹல்லாக்காரரா இருக்கணும். வெளிநாட்டுக்காரருக்கு மேல கேக்கணும். நாளைக்கு வேணா…"

"புது இடம் யாரு கேட்டா?" என்றார் தோஹிர். "எங்கப்பா பக்கத்துல எனக்குன்னு வெச்சிருக்கோமில்ல, அதத் தோண்டச் சொல்லிட்டேன். பாதி தோண்டியாச்சு."

"அப்ப உனக்கு?"

"எனக்கு என்ன அவசரம்? மனுப் போட்டுட்டுக் காத்திருக்கேன்."

யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் பாஸ்போர்ட்டை மூடி நஜ்லாவின் கையில் கொடுத்தார்.

பஹ்ராம் சொன்னது பொய்யில்லை. மூன்றாவது வாரம் ஃபைல் மூடப்பட்டதாகத் தகவல் வந்தது. வீடு ரஹீமாவின் பெயருக்கு மாறி, புது மனு அவள் பெயரில் போய், விசாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித்து நீட்டித்து வாங்கினார்கள். கல்லூரி இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மனு பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வசந்தத்திலும் அதே பதில்தான்.

இறந்த அன்றே, வெயில் தாழ்ந்த நேரத்தில், கியாமுத்தீனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். லிஃப்டில் அவரைக் கிடத்தியிருந்த சந்தூக்கு நுழையவில்லை, படிகளில்தான் போயிற்று. திருப்பங்களில் தோஹிர், "மெதுவா, மெதுவா, அகாவோட தலை" என்று சொல்லிக்கொண்டே போனது கீழ்வரை கேட்டது. தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து ஆளுக்கு ஏழு காலடி தூரம் தோள் கொடுத்தார்கள். காய்கறிக்காரன், பள்ளிக்கூடக் காவல்காரர், யாரென்றே தெரியாத ஒரு டாக்ஸி டிரைவர். பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நஜ்லாவுக்கு முனை திரும்பும் வரைதான் தெரிந்தது.

உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். அம்மாவைச் சுற்றி நாலு பேர். இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். நஜ்லா வாசலுக்கு வந்தாள். செருப்புகள் நிலைப்படியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. படிகளிலும் வழிந்து இறங்கியிருந்தன. கால் வைக்க இடமில்லை.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வீட்டுப் பிள்ளைகள் விருந்தாளிகளுக்குச் செய்வதைப்போல, ஒவ்வொரு ஜோடியாகத் தேடிச் சேர்த்து, திரும்பிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ள வசதியாக முனையை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே வந்தாள். நிலைப்படி முடிந்து முதல் படி. பிறகு இரண்டாவது. கீழே லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் சுவரோரமாக நகர்ந்து, வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்கினாள்.