அடுப்பில் வந்த புள்ளிகள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஒரு மாலை என் அண்ணி வேலையிலிருந்து வந்து, கைப்பையை சோபாவில் வீசிவிட்டு, "நான் கண்ணால பார்த்ததை பார்க்கவே இல்லைங்கிறாரு" என்றாள். அண்ணன் தண்ணீர் கொண்டுவர ஓடினான். நான் பேனாவைத் தேடினேன். (எங்களில் யார் நல்லவர் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி...' வேண்டாம். அண்ணி படித்தால் என்னை வீட்டைவிட்டே துரத்துவாள்.

இரண்டாவது: 'அணுக்களின் உலகில் தன்னந்தனியாக ஒரு பெண்...'

நேராகவே சொல்லிவிடுகிறேன். அண்ணியின் ஆய்வகத்தில் சூரிய மின்கலத்துக்கான படலம் செய்கிறார்கள். கண்ணாடித் துண்டில் கரைசலைப் பூசி அடுப்பில் சுட்டால், தலைமுடியைவிட மெல்லிய படலம் படியும். வெயில் பட்டால் மின்சாரம் தரும்; ஆனால் சீக்கிரமே சோர்ந்துவிடும். ஏன் என்று எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அண்ணியின் வேலை. பார்த்தாள். படலத்துக்குள் கறுப்புப் புள்ளிகள். சிதைவு அங்கிருந்துதான் தொடங்கியது.

3

ஆய்வகத் தலைவருக்குப் புள்ளிகள் பிடிக்கவில்லை. சுடும் பக்குவம் அவர் வருடக்கணக்கில் பாடுபட்டுக் கண்டுபிடித்தது.

"அது படலத்தோட குறை இல்லம்மா. உங்க மைக்ராஸ்கோப் கதிர் பட்டு வெந்த புண்ணு. அறிக்கையிலேருந்து படத்தை எடுத்துடுங்க" என்றார், எல்லோர் முன்னாலும்.

(இங்கே அவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஒரு கோணல் சிரிப்புகூடக் கொடுத்து... அண்ணி தடுத்துவிட்டாள். "கேள்வி நியாயமானதுடி. கதிர் பட்டா படலம் கெடத்தான் செய்யும். பதிலைக் கேக்காமலே எடுக்கச் சொன்னாரு பாரு, அதுதான் தப்பு.")

"எடுக்க மாட்டேன் சார். சோதிச்சுக் காட்டுறேன்."

"இனிமே உங்களுக்கு மெஷின் கிடையாது."

"அப்ப நீங்களே உக்காந்து பாருங்க. நான் பக்கத்தில நிக்கிறேன்."

அத்தனை பேர் முன்னால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

4

மறுநாள் அவர் உட்கார்ந்தார். அண்ணி இரண்டு துண்டுகளை வைத்தாள். ஒன்று அவருடைய பக்குவத்தில் சுட்டது. மற்றது அவள் சூட்டைக் குறைத்து, நிதானமாகச் சுட்டது. கதிரை நன்றாகத் தணித்து, இரண்டுக்கும் ஒரே அளவு வைத்தாள்.

முதல் துண்டில் அம்மை போட்டதுபோலப் புள்ளிகள். இரண்டாவதில் அங்கொன்று இங்கொன்று.

"கதிர்தான் காரணம்னா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணுமே சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "வேற இடம் காட்டுங்க."

காட்டினாள். அங்கும் அதேதான்.

"அடுப்புச் சூட்டைத்தான் மாத்தணும்" என்றார், திரையைப் பார்த்தபடியே. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. படம் அறிக்கையில் நின்றது. மெஷினும் அண்ணிக்குத் திரும்பக் கிடைத்தது.

5

இனி முடிவு. 'புதிய படலம் எத்தனையோ கோடைகளைத் தாங்கி...' என்று எழுதியிருந்தேன். அண்ணி ஒரே கோடாக அடித்தாள்.

"இப்பதான் மொட்டைமாடியில வெயில்ல வெச்சிருக்கோம். தாங்குமான்னு எனக்கே தெரியாது."

"கதைன்னா ஒரு முடிவு வேணுமே அண்ணி."

"இருக்கிறதை எடுக்கச் சொன்னாரு அவரு. இல்லாததைச் சேர்க்கப் பார்க்கிறே நீ. பெரிசா என்ன வித்தியாசம்?"

சேர்க்க மாட்டேன். பத்திரிகை ஆசிரியர் கோபித்துக்கொள்ளட்டும். துண்டுகள் வெயிலில் கிடக்கின்றன. இதுவரை நடந்தது அவ்வளவுதான். அவசரம் தாங்காதவர்கள் கீழே ஒரு முடிவை எழுதிக்கொள்ளலாம். என் பெயரை மட்டும் அதில் போடாதீர்கள்.